வயதான காலத்தில் வருமானம் போதுமா? நாமே கணக்குப் போடுவோம்

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்குக் கடன் பற்றியோ வங்கி இணைப்பு பற்றியோ பேசப் போவதில்லை. வயசான பிறகு கையில் வருகிற பணம் போதுமா, போதாதா? இதை எப்படித் தெரிந்துகொள்வது? இதைப் பற்றித்தான் பேசப் போகிறோம். "இதுல பேச என்னங்க இருக்கு, இருந்தா போதும், இல்லாட்டி பத்தாது" என்று பின்னாடி ஒருத்தர் சொல்வது காதில் விழுகிறது. அவ்வளவு சுலபமாக இருந்தால் இந்தப் பேச்சே தேவையில்லை.

தமிழ்நாட்டில் மகளிர் குழு இயக்கம் 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் ஆரம்பித்தது. 1991-92-ல் சேலம் மாவட்டத்துக்கு வந்தது. அப்போது நாமக்கல் தனி மாவட்டம் இல்லை. 1997 ஜனவரியில்தான் பிரிந்தது. அந்த நாளில் முப்பது, முப்பத்தைந்து வயசில் "கையெழுத்துப் போடத் தெரியாதுங்களே" என்று கூச்சப்பட்டுக் கொண்டு குழுவில் சேர்ந்தவர்களுக்கு இப்போது அறுபத்தைந்து, எழுபது வயசு. சேமிப்பு என்றால் என்ன, வட்டி என்றால் என்ன, வரவு செலவு எப்படி எழுதுவது என்று ஊருக்கே கற்றுக்கொடுத்த தலைமுறை இது. குழுக் கணக்கில் பத்து ரூபாய் இடித்தாலும் ராத்திரி தூங்காதவர்கள். ஆனால் தங்கள் சொந்த வயோதிகத்துக்கு ஒரு கணக்கு நோட்டு போட்டார்களா? நாங்கள் கேட்ட வரைக்கும் இல்லை.

கேட்டால் "போதுமுங்க" என்பார்கள்

போன வருஷம் மூத்த உறுப்பினர்கள், முன்னாள் உறுப்பினர்கள் வீடுகளுக்கு நாங்கள் சிலர் போய் வந்தோம். தறி ஓடுகிற ஊர், கிழங்கு மில் இருக்கிற ஊர், கோழிப்பண்ணை ஊர் என்று கலந்து போனோம். எல்லோரிடமும் முதலில் ஒரே கேள்விதான். "அம்மா, வர்ற பணம் போதுதுங்களா?"

பெரும்பாலும் ஒரே பதில். "போதுமுங்க சாமி. ஒத்தக் கட்டைக்கு என்ன செலவு?"

கேட்டுவிட்டு வெளியே வந்தால் ஓட்டின் மேல் பிளாஸ்டிக் தாள் போட்டுக் கல் வைத்திருக்கும். கண்ணாடியின் ஒரு காது ஒடிந்து நூலால் கட்டியிருக்கும். போதும் என்றவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் சொன்ன "போதும்" என்ன அர்த்தத்தில் என்று நாம் கேட்கவில்லை.

இது நம் ஊர் சங்கதி மட்டும் இல்லை. வருமானம் குறைவாக இருக்கிற முதியவர்கள், தங்களைவிட அதிகமாகச் சம்பாதிக்கும் இளையவர்கள் அளவுக்கு, சில சமயம் அதற்கும் மேலேயே, "திருப்திதான்" என்று சொல்வதைப் பல நாடுகளில் ஆய்வு செய்தவர்கள் கவனித்திருக்கிறார்கள். இந்தியாவிலும் 2011-ல் தமிழ்நாடு, கேரளா உட்பட 7 மாநிலங்களில் முதியோரிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. உங்கள் சொந்த வருமானம் அடிப்படைத் தேவைக்குப் போதுமா என்று அதில் நேராகவே கேட்டார்கள். அதே ஆய்வில் தெரிந்த இன்னொரு விஷயம், வயதான பெண்களில் பாதிப் பேருக்கு மேல் தங்கள் பெயரில் எந்த வருமானமும் இல்லை என்பது. வருமானமே இல்லாதவரிடம் போதுமா என்று கேட்டால் அவர் எதை வைத்துப் பதில் சொல்வார்?

எதை வைத்து அளக்கிறோம்?

வீடு வீடாகப் பேசியதில் நாங்கள் புரிந்துகொண்டதைச் சொல்கிறோம்.

முதலாவது, பழைய காலத்தோடு ஒப்பிடுகிறோம். "கேப்பைக் களிக்கும் வழியில்லாம இருந்தோம், இப்ப அரிசிச் சோறு திங்கறோம், இதுக்கு மேல என்னங்க வேணும்?" என்கிறார்கள். நியாயம்தான். தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962-ல் ஆரம்பித்தபோது மாதம் 20 ரூபாய். 2011-ல் அது 1,000 ரூபாய் ஆனது. 2023 ஆகஸ்டில் 1,200 ஆனது. 20 எங்கே, 1,200 எங்கே! ஆனால் விலைவாசியும் அப்போதைய விலைவாசி இல்லையே. 2011-ல் 1,000 ரூபாய்க்கு வாங்கிய மளிகை 2023-ல் 1,200 ரூபாய்க்கு வந்ததா? மளிகைக் கடைச் சீட்டு வைத்திருப்பவர்கள் எடுத்துப் பாருங்கள்.

இரண்டாவது, பக்கத்து வீட்டோடு ஒப்பிடுகிறோம். தெருவில் எல்லோருக்கும் அதே நிலைமை என்றால் நம்முடையது குறையாகத் தெரியாது. அதே அம்மா மகன் வீட்டுக்குத் திருச்செங்கோட்டுக்கோ சேலத்துக்கோ போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தால் "நம்ம கையில ஒண்ணுமே இல்லையே" என்பார். வருமானம் மாறவில்லை. ஒப்பிடும் ஆள் மாறினார், அவ்வளவுதான்.

மூன்றாவது, ஆசையைக் குறைத்துக்கொள்கிறோம். பால் வாங்குவதை நிறுத்தி வரக்காப்பி குடிக்கப் பழகிவிட்டால், பாலுக்குப் பணம் பத்தவில்லை என்ற எண்ணமே வராது. "பழகிப்போச்சு" என்று சொல்வோம். பழகிப்போவது நல்ல குணம். ஆனால் மாத்திரையைக் குறைத்துப் பழகக் கூடாது, சகோதரிகளே.

நான்காவது, பணம் யார் கையிலிருந்து வருகிறது என்று பார்க்கிறோம். மகன் எப்போதாவது கொடுக்கிற 2,000 ரூபாயைவிட, மாதா மாதம் தன் பெயரில் வருகிற 1,200 ரூபாய்க்குத்தான் அம்மாக்கள் அதிக மதிப்புக் கொடுக்கிறார்கள். "அது எம் பணமுங்க. யார்கிட்டயும் வாயத் தொறக்க வேண்டியதில்லை" என்று ஒரு அம்மா நெஞ்சில் கை வைத்துச் சொன்னார். தொகை பெரிதா என்பதோடு, கேட்காமல் வருகிறதா, தவறாமல் வருகிறதா என்பதும் சேர்ந்ததுதான் "போதும்".

ஐந்தாவது, கொடுக்க முடிகிறதா என்று பார்க்கிறோம். பேரன் வந்தால் முறுக்கு வாங்கித் தர, அண்ணன் மகள் கல்யாணத்துக்கு மொய் வைக்க, மாரியம்மன் பண்டிகைக்கு வரி கொடுக்கக் காசு இருக்கிறதா? சாப்பாட்டைக் குறைத்தாவது மொய் வைப்பார்கள். வெளியில் இருந்து பார்ப்பவர்கள் வீண் செலவு என்பார்கள். நாங்கள் அப்படிச் சொல்ல மாட்டோம். மொய் வைக்க முடியாதவர் விசேஷத்துக்கே போக மாட்டார். போகாதவரைக் கூப்பிடுவதும் நின்றுவிடும். அதனால் மொய்யும் வாழ்க்கைச் செலவுதான்.

ஒரு அம்மாவின் நோட்டு

பெயர் வேண்டாம். பள்ளிபாளையம் பக்கம் ஒரு அம்மா. நம் குழு ஒன்றில் ஆரம்பத்திலிருந்து இருந்தவர். தனியாக இருக்கிறார். தறிக்குத் தார் சுற்றிக் கொடுக்கிறார். அவரும் "போதுமுங்க" என்றுதான் சொன்னார். "சரிங்க அம்மா, சும்மா எழுதிப் பார்ப்போம்" என்று உட்கார்ந்தோம்.

வரவு: உதவித்தொகை 1,200. தார் சுற்றும் கூலி 900. மகன் கொடுப்பது 500. ஆக 2,600 ரூபாய்.

செலவு: ரேஷனில் அரிசிக்குக் காசு இல்லை. பருப்பு, பாமாயில், சர்க்கரைக்கு 70. காய்கறி, பால், மளிகை 1,150. மாத்திரை 350. கேஸுக்கு மாதம் ஒதுக்குவது 300. மொய் சராசரியாக 300. கோயில், பேரப்பிள்ளைகள் 100. கரண்ட் நூறு யூனிட்டுக்குள் என்பதால் கட்ட வேண்டியதில்லை. கூட்டினால் 2,270. மீதி 330. "நான்தான் சொன்னேனே" என்று சிரித்தார்.

அப்புறம் மெதுவாகக் கேட்டோம். "கடன் ஏதாவது இருக்குதுங்களா?" கொஞ்ச நேரம் பேசவில்லை. வழுக்கி விழுந்து கையை ஒடித்துக்கொண்டபோது வெளியில் 5,000 ரூபாய் வாங்கியிருக்கிறார். நூற்றுக்கு 5 ரூபாய் வட்டி. மாதம் 250. அசல் அப்படியே நிற்கிறது. "அது செலவுல வராதுங்க, அது கடன்" என்றார்.

250-ஐச் சேர்த்தால் செலவு 2,520. மீதி 80. மகன் மாதா மாதம் கொடுக்கிறாரா என்று கேட்டோம். அவருக்கும் லாரி பட்டறை வேலைதான். மூன்று மாதத்தில் ஒரு மாதம் முடியாமல் போகும். அந்த மாதம் 420 ரூபாய் இடிக்கும். "அந்த மாசம் என்னங்க பண்ணுவீங்க?" என்றோம். "பிரஷர் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்குவேன். ஒண்ணும் ஆகலீங்க" என்றார்.

இதுதான் அந்தப் "போதும்". ரத்த அழுத்த மாத்திரையை விட்டு விட்டுப் போட்டால் பக்கவாதம் வரக்கூடும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

தப்பு எங்கள் பக்கமும் இருக்கிறது

இதைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பேச்சுக்கே அர்த்தம் இல்லை. அந்த அம்மா ஏன் 5 ரூபாய் வட்டிக்கு வெளியே போனார்? குழுவில் கேட்டிருக்கலாமே? கேட்க முடியாது. அவர் அப்போது குழுவில் இல்லை. "வயசாயிடுச்சு, பெரிய கடன் போடும்போது இவங்க பேர் இருந்தா சிக்கல், சேமிப்பைக் கொடுத்துப் பேரை எடுத்துடலாம்" என்று தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டவர்கள் நாம்தான். அவரும் "சரிங்க, எனக்கு எதுக்குக் கடன்?" என்றார். அதையும் நாம் "போதும்" என்று எடுத்துக்கொண்டோம். பிரித்துக் கொடுத்த சேமிப்புப் பணம் மகனின் வண்டிக்குப் போனது.

கணக்குப் பாருங்கள். குழுவில் உள்கடன் நூற்றுக்கு 1 ரூபாய் வட்டி. அதே 5,000-க்கு முதல் மாதம் வட்டி 50 ரூபாய்தான். அவர் இப்போது கட்டுகிற அதே 250-ஐக் குழுவில் கட்டியிருந்தால் 50 வட்டிக்கும் 200 அசலுக்கும் போகும். இரண்டு வருஷத்துக்குள் கடனே தீர்ந்திருக்கும். அரசு ஒரு ரூபாய் கூட்டித் தராமல், மகன் ஒரு ரூபாய் கூட்டித் தராமல், அந்த அம்மாவின் வருமானம் போதுமானதாக ஆகியிருக்கும். அந்த வழியை நாமே அடைத்துவிட்டோம்.

வேறு இடங்களில் வேறு விதமாகச் செய்திருக்கிறார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு கடலூர், நாகப்பட்டினம் பக்கம் ஹெல்ப்ஏஜ் இந்தியா நிறுவனம் முதியோருக்கு என்றே சுய உதவிக் குழுக்களை அமைத்தது. வயசானவர்களும் சேமிப்பார்கள், கடன் வாங்கித் திருப்பிக் கட்டுவார்கள் என்று அவர்கள் காட்டினார்கள். ஆந்திராவில் 2009-ல் "அபய ஹஸ்தம்" என்று ஒரு திட்டம் வந்தது. குழுப் பெண் தினம் 1 ரூபாய் போட்டால் அரசு 1 ரூபாய் போடும், அறுபது வயசுக்கு மேல் மாதம் 500-க்குக் குறையாமல் பென்ஷன் என்றார்கள். அந்தத் திட்டம் நிலைக்கவில்லை. ஆனாலும் குழுப் பெண்ணுக்கும் ஓய்வுக்காலம் உண்டு என்று அன்றைக்கே ஒரு அரசு யோசித்தது.

நாம் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

இனி எந்த மூத்த உறுப்பினரிடமும் "போதுமா" என்று ஒரே வார்த்தையில் கேட்க வேண்டாம். இந்த ஐந்தையும் கேளுங்கள்.

1. போன மாதம் காசு இல்லை என்று எதைத் தள்ளிப் போட்டீர்கள்? மாத்திரையா, கண்ணாடியா, பல்லா, பாலா?

2. வருகிற பணத்தில் எவ்வளவு உங்கள் பெயரில், தவறாமல் வருகிறது? எவ்வளவு கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது?

3. வங்கி அட்டையும் பாஸ்புக்கும் யார் கையில் இருக்கிறது? எடுக்கிற பணம் உங்கள் கைக்கு முழுசாக வருகிறதா?

4. நாளைக்கே 5,000 ரூபாய் தேவைப்பட்டால் யாரிடம் போவீர்கள்? எவ்வளவு வட்டிக்கு?

5. விசேஷம், பண்டிகை என்று எதற்காவது காசு இல்லாததால் போகாமல் இருந்தீர்களா?

ஐந்துக்கும் பதில் சரியாக இருந்தால், 2,000 ரூபாய் வருமானமும் போதும்தான். ஒன்று இடித்தாலும், 5,000 வந்தாலும் போதவில்லை என்றுதான் அர்த்தம். யாரையும் சங்கடப்படுத்துகிற மாதிரிக் கூட்டத்தில் வைத்துக் கேட்காதீர்கள். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, சொந்தக்காரர் மாதிரிக் கேளுங்கள்.

உடனே செய்யக்கூடியவை

அந்த அம்மாவின் நோட்டைப் பார்த்த பிறகு என்ன செய்தோம் என்றும் சொல்லிவிடுகிறோம். பிரஷர் மாத்திரை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது. வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான் தொடங்கப்பட்டது. அவர் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. செவிலியரிடம் சொல்லிச் சேர்த்தோம். மாதம் 150 ரூபாய் மிச்சம், மாத்திரையும் தடைப்படாது. அடுத்து, அவரைத் திரும்பவும் குழுவில் சேர்த்தோம். உள்கடன் கொடுத்து வெளிக்கடனை அடைக்க வைத்தோம். மகன் கொடுக்காத மாதத்தில் இன்னும் இடிக்கத்தான் செய்கிறது. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டோம். ஆனால் இப்போது இடித்தால் நம்மிடம் சொல்கிறார்.

பிள்ளைகள் வசதியாக இருந்தும் கவனிக்கவில்லை என்றால் 2007-ம் வருஷத்துப் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம். யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால், முதியோருக்கான 14567 என்ற இலவச எண்ணில் கேளுங்கள். சொத்தைப் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுக்கும்போது "கடைசி வரைக்கும் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். எழுதாமல் கொடுத்துவிட்டு அப்புறம் அழுதவர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

இளைய சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. இன்றைக்கு முப்பது வயசில் இருப்பவருக்கு அறுபது ரொம்ப தூரம் மாதிரித் தெரியும். முன் வரிசை அம்மாக்களுக்கும் ஒரு நாள் அப்படித்தான் தெரிந்தது. 2015-ல் வந்த அடல் பென்ஷன் திட்டத்தில் 18 முதல் 40 வயசுக்குள் சேரலாம். முப்பது வயசில் சேர்ந்து மாதம் 116 ரூபாய் கட்டினால் அறுபதுக்குப் பிறகு மாதம் 1,000 ரூபாய், 577 கட்டினால் 5,000 ரூபாய். ஆனால் 1962-ன் 20 ரூபாயை ஞாபகம் வையுங்கள். முப்பது வருஷம் கழித்து 1,000 ரூபாய்க்கு என்ன வாங்க முடியும்? அதனால் முடிந்த அளவு கூடுதல் தொகைக்குச் சேருங்கள். அதை மட்டும் நம்பாமல் ஒரு மாடு, இரண்டு ஆடு, உங்கள் பெயரில் ஒரு சேமிப்பு என்று தனியாகவும் வையுங்கள்.

தீர்மானம்

இந்தக் கூட்டத்தில் மூன்று தீர்மானங்களை முன்வைக்கிறோம். ஒன்று, வயதைக் காரணம் காட்டி எந்தக் குழுவும் உறுப்பினரின் பெயரை எடுக்கக் கூடாது. வங்கிக் கடனில் பெயர் சேர்க்க முடியாவிட்டாலும் சேமிப்பும் உள்கடனும் தொடர வேண்டும். இரண்டு, அறுபது தாண்டியவர்களுக்குச் சந்தாவைப் பாதியாகக் குறைக்க வேண்டும். மூன்று, ஒவ்வொரு குழுவும் வருஷத்துக்கு ஒருமுறை மூத்த உறுப்பினர் வீட்டுக்குப் போய் இந்த ஐந்து கேள்விகளைக் கேட்டு நோட்டில் எழுத வேண்டும்.

கை தூக்குவதற்கு முன்னால் ஒன்று. இன்றைக்கு அவர்களுக்காகத் தூக்குகிற கை என்று நினைக்காதீர்கள். பத்து, இருபது வருஷத்தில் அந்த முன் வரிசையில் நாம்தான் உட்காரப் போகிறோம். அப்போது யாராவது வந்து "போதுதுங்களா அம்மா?" என்று கேட்டால், மனசறிந்து "போதும்" என்று சொல்லும் நிலையில் நாம் இருக்க வேண்டும்.